குடியேறி வந்த வணிகர் நாடாளுமன்ற உறுப்பினரான வரலாற்றை எழுதுவது எப்படி? தாதாபாய் நவுரோஜியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

வேறு நாட்டிலிருந்து குடியேறித் தொழில் நடத்தி, பின்னர் அந்த நாட்டின் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகச் சென்றவர்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. பிறந்த ஊர், படித்த பள்ளி, கப்பலோ விமானமோ ஏறிய நாள், பட்ட அவமானங்கள், கடைசியில் "முதல் இந்தியர்", "முதல் ஆசியர்" என்ற பட்டம். படித்து முடித்த வாசகருக்கு அவர் வென்றார் என்பது மட்டும் தெரிகிறது. யார் அவரை வேட்பாளராக நிறுத்தினார்கள், தேர்தல் செலவு எங்கிருந்து வந்தது, அந்தத் தொகுதி மக்கள் எதற்காக அவருக்கு வாக்களித்தார்கள், சபைக்குள் சென்று அவர் என்ன செய்தார் என்பவை தெரிவதில்லை. ஓர் அரசியல் வாழ்க்கையின் உள்ளடக்கம் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. "முதலாமவர்" என்ற பட்டம் அதன் மேல் ஒட்டப்படும் சீட்டு மட்டுமே.

அத்தகைய ஒருவரைப் பற்றிக் கட்டுரையோ கலைக்களஞ்சியப் பதிவோ எழுத விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாகத் தாதாபாய் நவுரோஜியை எடுத்துக்கொள்கிறேன். 1825இல் பிறந்து, 1855இல் வணிகராக இங்கிலாந்து சென்று, 1892இல் லண்டனின் மத்திய பின்ஸ்பரி தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். வணிகம், சங்கப் பணி, கட்சிக்குள் இழுபறி, தோல்வி, நூலிழை வெற்றி, சபைப் பணி, மீண்டும் தோல்வி என ஒரு நாடாளுமன்ற வாழ்க்கையில் இருக்கக்கூடிய எல்லாமே அவருடைய வாழ்க்கையில் இருக்கின்றன. அவற்றுக்கான ஆவணங்களும் இருக்கின்றன.

சட்டத்திலிருந்து தொடங்குங்கள்

எழுதத் தொடங்கும் முன், அந்தக் காலத்தில் அந்த நாட்டில் யார் தேர்தலில் நிற்கலாம் என்ற விதியைத் தேடிப் படித்துவிட வேண்டும். பலர் இதைத் தவிர்த்துவிட்டு, சட்டமே குறுக்கே நின்றது போலவும் நாயகன் அதை உடைத்தது போலவும் எழுதிவிடுகிறார்கள். நவுரோஜியைப் பொறுத்தவரை சட்டத்தில் தடை எதுவும் இருக்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர் பிரிட்டிஷ் முடியின் குடிமகன் என்பதால், பம்பாயில் பிறந்தவர் பிரிஸ்டலில் பிறந்தவரைப் போலவே வேட்பாளராக நிற்க முடிந்தது. சொந்த நாட்டில் ஒரு சட்டமன்ற உறுப்பினரைக் கூட வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமையற்ற ஒருவர், ஆளும் நாட்டின் தலைநகரில் வேட்பாளராக நிற்கலாம் என்ற இந்த விசித்திரத்தைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டால், அவர் ஏன் லண்டனைக் களமாகத் தேர்ந்தார் என்பதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருக்காது.

சட்டம் திறந்து வைத்த கதவைப் பணம் பாதி மூடியிருந்தது. 1911 வரை காமன்ஸ் சபை உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. அந்த ஆண்டில்தான் ஆண்டுக்கு 400 பவுண்டு வழங்கத் தொடங்கினார்கள். தேர்தல் அதிகாரியின் செலவைக்கூட வேட்பாளர்களே பகிர்ந்து கட்ட வேண்டிய நிலை 1918 வரை நீடித்தது. 1883ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தல் செலவுக்கு வரம்பு விதித்திருந்தாலும், தொகுதியை ஆண்டுக்கணக்கில் பேணுவதற்கு ஆகும் செலவு அந்த வரம்புக்குள் வரவில்லை. ஆகவே, வழக்கறிஞரோ நிலக்கிழாரோ அல்லாத ஒருவர் சபைக்குள் நுழைய வேண்டுமானால் பெரும்பாலும் தொழிலில் பொருள் ஈட்டியவராகவோ பிறர் பொருளால் தாங்கப்பட்டவராகவோதான் இருக்க முடியும். நவுரோஜியின் பின்னால் சொந்தச் சேமிப்பும் இந்தியச் சமஸ்தான மன்னர்கள் சிலரின் உதவியும் இருந்தன. பணத்தைப் பற்றி எழுதுவது நாயகனின் பெருமையைக் குறைத்துவிடும் என்று தயங்க வேண்டியதில்லை. அதை எழுதாமல் விட்டால்தான் கட்டுரை நம்பத்தகாததாகிறது.

பிற நாடுகளுக்கும் இதே முறைதான். ஆஸ்திரேலியாவில் அரசமைப்பின் 44ஆம் பிரிவு வேற்றுநாட்டுக் குடியுரிமை உடையவரை நாடாளுமன்றத்துக்குத் தகுதியற்றவராக்குகிறது. 2017இல் அந்நாட்டின் துணைப் பிரதமரே அந்தப் பிரிவின் கீழ் பதவியிழந்தார். கனடாவில் குடியுரிமை கட்டாயம். பிரிட்டனில் இன்றும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் உரிய குடியிருப்பு உரிமையுடன் போட்டியிடலாம். நாடு மாறினால் கதையின் முடிச்சும் மாறும்.

வணிகத்தை வெறும் முன்னுரையாக்காதீர்கள்

"தொழிலில் வெற்றி பெற்ற பின் அரசியலில் ஈடுபட்டார்" என்று ஒரே வரியில் கடந்து செல்லும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். என்ன பொருளை, யாரோடு சேர்ந்து, எந்தத் துறைமுகத்தின் வழியாக விற்றார் என்று கேளுங்கள். அரசியல் பார்வையின் வேர் அங்கே கிடைக்கலாம்.

நவுரோஜி முதலில் ஆசிரியர். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்த முதல் இந்தியப் பேராசிரியர். அந்தப் பதவியை விட்டு 1855இல் பம்பாய்ப் பார்சி வணிகர்களான காமா குடும்பத்தாரோடு இங்கிலாந்து சென்று, லண்டனிலும் லிவர்பூலிலும் கிளை கண்ட காமா நிறுவனத்தின் பங்காளியானார். பிரிட்டனில் நிறுவப்பட்ட முதல் இந்திய வணிக நிறுவனமாக அதைக் குறிப்பிடுவது வழக்கம். அபினி, மது ஆகியவற்றின் வணிகத்தில் கிடைக்கும் ஆதாயத்தைப் பங்கிட்டுக்கொள்ள மனம் ஒப்பாமல் சில ஆண்டுகளிலேயே விலகி, 1859இல் தம் பெயரிலேயே பருத்தி வணிக நிறுவனம் தொடங்கினார். அபினியிலிருந்து விலகியதை ஒழுக்கக் கதையாக மட்டும் எழுதினால் பாதிதான் சொல்லியதாகும். மறுபாதி பருத்தியில் இருக்கிறது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் லிவர்பூலுக்கு வரவேண்டிய அமெரிக்கப் பஞ்சு நின்றுபோக, பம்பாய்ப் பஞ்சின் விலை ஏறியது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. 1866 மே மாதம் லண்டனில் ஓவரெண்ட் கர்னி என்ற பெரும் நிதி நிறுவனம் வீழ்ந்து கடன் சந்தையே உறைந்தது. இந்தக் கொந்தளிப்பின் நடுவேதான் அவருடைய வணிகம் நடந்தது, நொடித்தது.

பிற்காலத்தில் அவரைப் புகழுக்குக் கொண்டுவந்த செல்வ வடிகால் வாதத்தை எடுத்துப் பாருங்கள். இந்தியாவின் ஏற்றுமதி இறக்குமதியைவிட ஆண்டுதோறும் மிகுந்திருக்க, அந்த மிகுதிக்கு ஈடாகப் பணமோ பொருளோ நாட்டுக்குத் திரும்பி வரவில்லை என்பது அதன் சாரம். இது வரவு செலவுக் கணக்கு எழுதிப் பழகியவருடைய கேள்வி. அரசின் அறிக்கைகளையும் விலைப்பட்டியல்களையும் கொண்டே அவர் கணக்கிட்டு, 1867–68இல் பிரிட்டிஷ் இந்தியாவின் தனிநபர் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய் என்ற மதிப்பீட்டை முன்வைத்தார். கடையையும் கோட்பாட்டையும் இணைத்து எழுதும் வாய்ப்பு இப்படித் தெளிவாகக் கிடைக்கும்போது அதை நழுவவிடக் கூடாது.

ஆவணங்களைப் பொறுத்தவரை, பிரிட்டனில் பங்காளிகள் பிரிந்ததும் நிறுவனம் நொடித்ததும் லண்டன் கெஜட் என்ற அரசிதழில் அறிவிப்பாக வரும். அதைக் கட்டணமின்றி இணையத்தில் தேடலாம். பெயரின் எழுத்துக்கூட்டு அந்த நூற்றாண்டின் ஆங்கில ஏடுகளில் ஆளுக்கொரு விதமாக இருப்பதால், ஒரே வடிவத்தில் தேடிவிட்டு எதுவும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. தமிழில் தேடும்போதும் நவுரோஜி, நௌரோஜி, நவ்ரோஜி ஆகிய மூன்றையும் இட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். நவுரோஜியின் கடிதங்களும் தாள்களும் புதுடெல்லியில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பெருந்தொகுப்பாக இருக்கின்றன.

சங்கங்களின் ஆண்டுகளை ஒதுக்காதீர்கள்

குடியேறியவர் கடையிலிருந்து நேராகக் கட்சிக்குச் செல்வதில்லை. இடையில் சங்கங்கள் இருக்கும். நவுரோஜி 1861இல் லிவர்பூல் அறிஞர் சங்கத்தில் பார்சிகளின் சமயத்தையும் வழக்கங்களையும் பற்றிக் கட்டுரை படித்தார். ஐரோப்பாவில் வாழ்ந்த பார்சிகளுக்கான அறநிதியை அதே ஆண்டில் நிறுவியவர்களில் ஒருவரானார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் குஜராத்திப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1866இல் கிழக்கிந்தியச் சங்கத்தை அமைத்தார். இந்தியாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆங்கிலேய அதிகாரிகளும் இந்தியர்களும் ஒரே அறையில் அமர்ந்து இந்திய நிர்வாகத்தை விவாதிக்கும் மேடையாக அது இருந்தது. 1873இல் இந்திய நிதி பற்றிய நாடாளுமன்றத் தேர்வுக் குழுவின் முன் சாட்சியம் அளிக்கும் அளவுக்கு அவர் அறியப்பட்டிருந்தார் என்றால், அதற்கு முந்தைய பத்தாண்டுச் சங்கப் பணிதான் காரணம்.

இடையே இந்தியாவில் கழித்த ஆண்டுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: 1874இல் பரோடா திவான், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பதவி விலகல், பம்பாய் மாநகராட்சிப் பணி, 1885இல் பம்பாய்ச் சட்ட மேலவை நியமனம், அதே ஆண்டு காங்கிரசின் தோற்றம்.

தொகுதியும் வேட்பாளர் தேர்வும்: இங்கே நேரம் செலவிடுங்கள்

ஓர் உறுப்பினரின் வாழ்க்கையில் வாசகருக்கு மிகக் குறைவாகச் சொல்லப்படுவதும் எழுதுபவர் மிக அதிகமாக உழைக்க வேண்டியதும் இந்தப் பகுதிதான். வாக்காளர் தேர்ந்தெடுக்கும் முன்பே கட்சிக் கிளை தேர்ந்தெடுத்துவிடுகிறது. குடியேறியவர்களுக்குத் தரப்படும் தொகுதி எத்தகையது என்று பார்த்தாலே கட்சி அவர்களை எங்கே வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நவுரோஜி 1886இல் லண்டனுக்குத் திரும்பிச் சில மாதங்களிலேயே, ஜூலை மாதப் பொதுத்தேர்தலில் ஹோபன் தொகுதியில் லிபரல் வேட்பாளராக நின்றார். ஹோபன் கன்சர்வேட்டிவ் கட்சியின் கோட்டை. கர்னல் டங்கன் 3,651 வாக்குகளும் நவுரோஜி 1,950 வாக்குகளும் பெற்றனர். இதை "இனவெறியால் தோற்றார்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவது எளிது, ஆனால் போதாது. அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் மசோதாவை முன்னிட்டு லிபரல் கட்சியே இரண்டாகப் பிளந்து நாடு முழுவதும் தோற்ற தேர்தல் அது. நவுரோஜி அந்தத் தன்னாட்சியை ஆதரித்தவர். தொகுதியோ எதிர்க்கட்சிக்குப் பழகியது. வேட்பாளருக்குக் கிடைத்ததோ சில வாரங்கள். இத்தனைக்கும் நடுவே பதிவான வாக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே அவர் பெற்றிருக்கிறார். கட்சியின் வீழ்ச்சி எவ்வளவு, தொகுதியின் இயல்பு எவ்வளவு, வேட்பாளரின் நிறத்தால் இழந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, அதே தொகுதியின் முந்தைய, பிந்தைய தேர்தல் எண்களையும் பக்கத்துத் தொகுதிகளின் எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

நிறம் பேசப்படவில்லை என்று இதற்குப் பொருளல்ல. பிரதமர் சாலிஸ்பரி பிரபு 1888 நவம்பரில் எடின்பரோவில் பேசுகையில், மனித இனம் எவ்வளவு முன்னேறியிருந்தாலும் ஒரு பிரிட்டிஷ் தொகுதி கறுப்பு மனிதர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டதா என்பது ஐயமே என்று சொன்னார். சொன்னவருக்கு அது ஹோபனின் 1886 முடிவைப் பற்றிய போகிற போக்கிலான விளக்கம். விளைவு நேர்மாறாக இருந்தது. அதுவரை லண்டனுக்கு வெளியே அதிகம் அறியப்படாதிருந்த நவுரோஜியின் பெயர் நாடெங்கும் செய்தித்தாள்களில் ஏறியது. லிபரல் கட்சியினர் பிரதமரைக் கண்டித்தனர். நவுரோஜிக்கு விருந்தளித்து ஆதரவு காட்டினர். எதிரியின் ஏளனம் ஒரு வேட்பாளருக்கு எவ்வளவு விளம்பரம் தேடித் தரும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று அந்தக் காலத்தில் கிடைப்பது அரிது. ஆனால் இந்த நிகழ்ச்சியின் கவர்ச்சியில் மயங்கி, அதுவே அவரை வெல்ல வைத்தது என்று எழுதிவிடக் கூடாது. தேர்தலுக்கு இன்னும் மூன்றரை ஆண்டுகள் இருந்தன.

அந்தப் பேச்சுக்கு முன்பே, 1888 ஆகஸ்டில், மத்திய பின்ஸ்பரியின் லிபரல் கிளை அவரை வேட்பாளராகத் தேர்ந்திருந்தது. தேர்வு உடனே சர்ச்சையாயிற்று. போட்டியில் தோற்ற தரப்பு முடிவை ஏற்கவில்லை. கட்சியின் தேர்தல் அமைப்பாளர்களிடமிருந்து முழு மனதான ஆதரவு வரவில்லை. வேறொரு லிபரல் வேட்பாளர் தேர்தல் நெருங்கும் வரை களத்தில் இருந்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நவுரோஜி தம் கட்சிக்குள்ளேயே இந்த இழுபறியைத் தாங்கினார். 1892இல் அவர் வென்ற ஐந்து வாக்கு வித்தியாசத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் பத்தில் ஒரு பங்குகூட இந்த நான்கு ஆண்டுகளுக்கு ஒதுக்கப்படவில்லை என்பது என் வருத்தம். குடியேறி வந்தவரின் அரசியல் திறமை வெளிப்படும் இடம் மேடையைவிட, கிளைக் கூட்டங்களில் ஒவ்வொரு உறுப்பினராகப் பேசி வென்றெடுக்கும் இத்தகைய காலமே.

தொகுதியையும் விவரியுங்கள். மத்திய பின்ஸ்பரியில் அடங்கிய கிளார்க்கன்வெல் பகுதி, கடிகாரம் செய்வோரும் நகைத் தொழிலாளரும் நிறைந்த இடம். அவர்களுக்கு வாடகை, வேலை நேரம், உள்ளூர் நிர்வாகம் ஆகியவையே அன்றாடக் கேள்விகள். இந்திய வறுமை அவற்றுக்குப் பின்னால்தான். எனவே நவுரோஜி அயர்லாந்துத் தன்னாட்சி, பெண்களுக்கு வாக்குரிமை, தொழிலாளர் கோரிக்கைகள் என்று அன்றைய தீவிர லிபரல்கள் பேசியவற்றையெல்லாம் தம் மேடையிலும் பேசினார். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அவருக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார். "இந்தியாவின் பிரதிநிதி" என்று இந்தியாவில் அழைக்கப்பட்டவர், பின்ஸ்பரியில் பின்ஸ்பரியின் வேட்பாளராகவே நின்றார். இந்த இரண்டு முகங்களும் கட்டுரையில் இடம்பெற வேண்டும்; தமிழ் வாசகருக்கு நெருக்கமானது என்பதற்காக முதல் முகத்தை மட்டும் காட்டினால் வாக்காளர்கள் ஏன் வாக்களித்தார்கள் என்பது புதிராகவே நிற்கும்.

வாக்கு எண்ணிக்கையை எழுதும் முறை

1892 ஜூலையில் நவுரோஜி பெற்றவை 2,959. எதிர்த்து நின்ற கன்சர்வேட்டிவ் உறுப்பினர் கேப்டன் பென்டன் பெற்றவை 2,954. முதல் எண்ணிக்கையில் வித்தியாசம் மூன்றாகவும் மறு எண்ணிக்கையில் ஐந்தாகவும் இருந்தது. தோற்றவர் தேர்தல் மனு தாக்கல் செய்தும் முடிவு மாறவில்லை. நவுரோஜி என்ற பெயரின் ஒலியை "குறுகிய பெரும்பான்மை" என்று பொருள்படும் "நாரோ மெஜாரிட்டி" என்ற ஆங்கிலத் தொடராக்கி அன்றைய லண்டன் கேலி பேசிற்று.

இத்தகைய எண்களை எழுதும்போது வித்தியாசத்தை மட்டும் தராமல் இருவரின் வாக்குகளையும் தாருங்கள். ஐந்து என்று மட்டும் சொன்னால் அது அதிசயமாகத் தெரியும்; ஏறத்தாழ 5,900 வாக்குகளில் ஐந்து என்று சொன்னால்தான், அடுத்த தேர்தலில் சிறு காற்று வீசினாலும் போய்விடக்கூடிய இடம் என்பது விளங்கும். பழைய தொகுதிகளின் முடிவுகள் தேர்தல் கையேடுகளில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. செய்தித்தாளின் எண்ணும் கையேட்டின் எண்ணும் முரண்பட்டால், மறு எண்ணிக்கைக்கு முந்தைய எண்ணை நாளேடு அச்சிட்டிருக்க வாய்ப்புண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள்; மூன்றா ஐந்தா என்ற குழப்பம் இன்றுவரை சில கட்டுரைகளில் தொடர்வது அதனால்தான்.

சபைக்குள் அவர் செய்தவை

வெற்றியோடு நிற்கும் கட்டுரை அரசியல் வாழ்க்கையைப் பற்றியது ஆகாது. காமன்ஸ் சபையின் நடவடிக்கைப் பதிவான ஹன்சார்ட், 19ஆம் நூற்றாண்டுத் தொகுதிகள் உட்பட, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உறுப்பினரின் பெயருக்குக் கீழ் ஆண்டுவாரியாக அவர் பேசியவை தொகுக்கப்பட்டிருக்கும். முதலில் பேச்சுகளையும் கேள்விகளையும் தனித்தனியாகப் பிரியுங்கள். பிறகு அவற்றில் எத்தனை தொகுதியைப் பற்றியவை, எத்தனை பிறந்த நாட்டைப் பற்றியவை, எத்தனை அந்தக் காலத்தின் பொதுப் பிரச்சினைகள் என்று பாருங்கள். நவுரோஜியின் பதிவுகளில் இந்தியா மேலோங்கி நிற்பதை எவரும் காணலாம்.

பார்சி சமயத்தவரான அவர் விவிலியத்தின் மீது அல்லாமல் அவெஸ்தாவைக் கையில் கொண்டு உறுதிமொழி எடுத்ததைப் பலரும் எழுதுவார்கள், எழுதலாம். ஆனால் அதைவிடப் பெரிதும் கனமானது 1893 ஜூன் 2ஆம் நாள் நடந்தது. இந்தியக் குடிமைப் பணிக்கான தேர்வு லண்டனில் மட்டுமே நடந்துவந்தது. கடல் கடந்து செல்ல வசதி உள்ள இந்திய இளைஞர் சிலரே அதை எழுத முடிந்தது. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் தேர்வு நடத்த வேண்டும் என்ற தீர்மானத்தை ஹெர்பர்ட் பால் கொண்டுவர, நவுரோஜி வழிமொழிந்தார். ஆட்சியில் இருந்தது அவர்களுடைய சொந்த லிபரல் அரசு, அரசு எதிர்த்தது. ஆயினும் 84க்கு 76 என்று தீர்மானம் நிறைவேறியது.

இந்த இடத்தில் எழுதுபவர் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். ஒன்று, 670 உறுப்பினர் கொண்ட சபையில் அன்று வாக்களித்தவர் 160 பேர் மட்டுமே, அதாவது நான்கில் ஒரு பங்குகூட இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். இந்தியாவைப் பற்றிய விவாதங்களுக்கு இருக்கைகள் காலியாகக் கிடப்பது அந்தச் சபையின் வழக்கம். இந்திய நிதிநிலை விவாதமே கூட்டத்தொடரின் கடைசி நாட்களுக்குத் தள்ளப்படும். காலியான சபையில் கூடத் தங்கள் தரப்பு ஆட்களைத் திரட்டி வைத்திருந்தது ஒரு திறமைதான். இரண்டாவது, தீர்மானத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பின்தொடர வேண்டும். இந்திய அரசு மாகாணங்களின் கருத்தைக் கேட்டது, சென்னை மாகாண அரசு மட்டுமே ஆதரித்தது, மற்றவை எதிர்த்தன, திட்டம் கிடப்பில் போடப்பட்டது. இந்தியாவில் அந்தத் தேர்வு நடக்க 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சபையில் நிறைவேறும் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்துவதில்லை என்ற அடிப்படை விதியை வாசகருக்கு விளக்காமல் "போராடி வென்றார்" என்று எழுதினால், அடுத்த முப்பது ஆண்டுகள் எங்கே போயின என்று அவர் கேட்பார்.

உறுப்பினர் தனியாக இயங்கினாரா, கூட்டமாகவா என்பதையும் கவனியுங்கள். நவுரோஜி 1893இல் சக உறுப்பினர்களான வில்லியம் வெடர்பர்னோடும் டபிள்யூ. எஸ். கெயினோடும் சேர்ந்து இந்திய நாடாளுமன்றக் குழுவை உருவாக்கினார். அந்த ஆண்டு இறுதியில் உறுப்பினராகவே இந்தியா வந்து லாகூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். இந்தியாவின் வரவு செலவு பற்றி முழு விசாரணை வேண்டும் என்று அவரும் நண்பர்களும் வற்புறுத்தியதன் விளைவாக 1895இல் வெல்பி ஆணையம் அமைக்கப்பட்டு, அவர் அதன் உறுப்பினராக அமர்த்தப்பட்டார். மூன்றாண்டு உறுப்பினர் வாழ்க்கையின் கையில் பிடிக்கத்தக்க விளைவு எது என்று என்னைக் கேட்டால், 1893 தீர்மானத்தைவிட இந்த ஆணையத்தையே சொல்வேன்.

தோல்வியை மறைக்காதீர்கள்

1895 ஜூலைத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி பெருவெற்றி பெற, நவுரோஜி பின்ஸ்பரியை இழந்தார். ஆணையத்தில் மட்டும் தொடர்ந்தார். அதன் முன் சாட்சியம் சொல்ல 1897இல் இந்தியாவிலிருந்து கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரோடு சென்றவர் சுதேசமித்திரனை நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர். சென்னைக்கும் இந்த வரலாற்றுக்கும் உள்ள நேரடித் தொடர்புகளுள் இதுவும் ஒன்று. தமிழில் எழுதுபவர் சுதேசமித்திரன், இந்து ஆகிய ஏடுகளின் அந்த ஆண்டு இதழ்களைப் பார்ப்பது நல்லது. 1900இல் ஆணையத்தின் அறிக்கை வந்தபோது நவுரோஜி, வெடர்பர்ன், கெயின் மூவரும் தனி அறிக்கை கையெழுத்திட்டனர். 1906இல் எண்பது வயதில் வடக்கு லாம்பத் தொகுதியில் நின்று மிக மோசமாகத் தோற்றார். அதே ஆண்டு இறுதியில் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை ஏற்றுச் சுயராஜ்யத்தைக் குறிக்கோளாக அறிவித்தார். லண்டன் வாக்காளர் கைவிட்டதும் கல்கத்தா அறிவிப்பும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. இரண்டையும் ஒரே பத்தியில் வையுங்கள், ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சான்றில்லாமல் சொல்லாதீர்கள்.

ஒப்பிட ஆள் தேடுங்கள்

நவுரோஜி தோற்ற அதே 1895 தேர்தலில், இன்னொரு பார்சியான மஞ்சர்ஜி பவநக்ரி, வடகிழக்கு பெத்னல் கிரீன் தொகுதியில் கன்சர்வேட்டிவ் வேட்பாளராக வென்று 1906 வரை உறுப்பினராக இருந்தார். காங்கிரசின் அரசியலை அவர் எதிர்த்தவர். டாட்டா குடும்ப உறவினரும் அவர்கள் நிறுவனத்தில் பணியாற்றியவருமான சாபுர்ஜி சக்லத்வாலா, 1922இலும் 1924இலும் வடக்கு பாட்டர்சீயிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கம்யூனிஸ்ட். ஒரே சமூகம், ஒரே துறைமுக நகரின் வணிகப் பின்னணி, மூன்று வேறு கட்சிகள். பிறப்பை வைத்தோ தொழிலை வைத்தோ ஒருவரின் அரசியலை ஊகித்துவிடும் வாக்கியம் உங்கள் வரைவில் இருந்தால், இந்த மூவரையும் வைத்து அதைச் சோதித்துப் பாருங்கள்.

வாழ்பவரைப் பற்றி எழுதுவதானால்

இன்றைய உறுப்பினரைப் பற்றி எழுதும்போது ஆவணங்கள் கூடுதலாகவும் பொறுப்பு அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். பிரிட்டனில் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுசின் இணையதளத்தில் ஒருவர் எந்த நிறுவனங்களில் இயக்குநராக இருந்தார், எப்போது விலகினார், நிறுவனம் எப்போது கலைக்கப்பட்டது என்பதைக் கட்டணமின்றிக் காணலாம். காமன்ஸ் சபை உறுப்பினர்களின் நிதி நலன்களுக்கான பதிவேட்டில், உறுப்பினரான பின் அவர் பெறும் வெளி வருமானமும் அன்பளிப்புகளும் பங்குகளும் வெளியிடப்படுகின்றன. கட்சிகளுக்கு வந்த பெரிய நன்கொடைகளைத் தேர்தல் ஆணையம் வெளியிடுகிறது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இவற்றுக்கு நிகரான பதிவேடுகள் உள்ளன. இவற்றை உறுப்பினரின் சொந்த இணையதளத்தில் உள்ள வாழ்க்கைக் குறிப்போடு ஒத்துப் பாருங்கள். "பத்து ரூபாயோடு வந்து பல கோடி நிறுவனத்தை எழுப்பியவர்" என்ற வகை வரிகள் பெரும்பாலும் பிரச்சாரத் துண்டறிக்கையில் பிறந்தவை. பதிவகத்தின் கணக்கறிக்கை வேறு அளவைச் சொல்லக்கூடும். இரண்டும் முரண்பட்டால், எது எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்பதை வாக்கியத்திலேயே தெரியப்படுத்துங்கள். குடும்பத்தினரின் பெயர், வீட்டு முகவரி போன்றவை பதிவேட்டில் கண்ணில் பட்டாலும் அரசியல் வாழ்க்கைக்குத் தேவையில்லாதவை ஆதலால் விட்டுவிடுங்கள்.